ரோஹேயின் சிவப்புப் புள்ளி

“இந்தத் தெருவே என் ரொட்டியைத்தான் கேட்குதும்மா” என்கிறார் ரொட்டிக்காரர், சைக்கிளை ஒரு காலால் தாங்கிக்கொண்டு.

“தெருன்னா எத்தனை பேரு?” என்கிறார் ரோஹே ஞாய். “யாரு போய்க் கேட்டது? நீயா? ரொட்டியைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டியா, வைக்காமக் கேட்டியா?”

“அம்மா, நான் ரொட்டி விக்க வந்தேன். பரீட்சை எழுத வரல.”

“ரெண்டு குடு. ஆனா தெருவே கேட்குதுன்னு சொல்லாதே. மூணு வீட்டுல கேட்டேன், மூணு பேரும் நல்லாருக்குன்னாங்கன்னு சொல்லு. அதுக்கு மேல உனக்கு ஒண்ணும் தெரியாது.”

பக்கா என்கிற ஊரில் எங்கள் சந்தில் தினமும் காலையில் நடக்கும் கச்சேரி இது. ரொட்டிக்காரர் பெருமூச்சு விட்டு மணியடித்துக்கொண்டே போவார். மறுநாள் அதே பேச்சோடு வருவார். வேண்டுமென்றே வருகிறார் என்பது என் சந்தேகம்.

ரொட்டி வாங்கியானதும் கரி அடுப்பில் தேநீர்க் கெண்டி ஏறும். மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் கணினி, நாற்காலியின் கையில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய கைபேசி. கிழக்கே மொரீஷியஸில் தொடங்கி மேற்கே கேப் வெர்தி வரைக்கும், பொழுது விடிகிற வரிசையில் குரல் செய்திகள் வந்து விழும். எந்த நாட்டில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு ஆதரவு, எந்தப் பத்திரிகை புதிதாகக் கருத்துக்கணிப்பு போட்டிருக்கிறது, எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் செத்துப்போனவர்கள் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லாம் வரும். ரோஹே அத்தனையையும் கேட்டு, சலித்து, சராசரி போட்டு ‘நடுக்கோடு’ என்கிற இணையப் பக்கத்தில் ஏற்றுவார். எந்த அரசும் எந்தக் கட்சியும் ஆதரிக்காத பக்கம் அது. இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், மருந்துக்கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், கல்யாண மண்டபங்களில் பாடுகிற ஒருவர். தேர்தல் வரும் ஊருக்குப் போய் வாக்குச்சாவடியில் கண்காணிப்பாளராக உட்காருவதும் அவர்கள் வேலைதான்.

பக்கத்தின் பெயர் கால்பந்து மைதானத்திலிருந்து வந்தது. மழைக்காலத்தில் பேட்டைக்குப் பேட்டை நடக்கும் பந்தயங்களுக்கு வானொலியில் புள்ளிப்பட்டியல் வாசித்தவர்தான் ரோஹே. ஒரு தேர்தல் சமயத்தில் ஆளுக்கொரு பத்திரிகை ஆளுக்கொரு கணக்குச் சொல்ல, எல்லாவற்றையும் கால்பந்துப் பட்டியல் மாதிரியே அடுக்கி வானொலியில் வாசித்தார். அது பிடித்துப்போய் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் கேட்கத் தொடங்கினார்கள். “நடுக்கோட்டுல நிக்கறவனுக்கு ரெண்டு பக்கமும் தெரியும்” என்று பெயருக்கு விளக்கம் சொல்வார். நடுக்கோட்டில் நிற்பவனுக்குக் கோல் போட வராது என்பது நான் சொல்லும் விளக்கம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஞாய், நான் ஜோப். எங்கள் நாட்டில் ஒரு ஞாயும் ஒரு ஜோபும் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்தே ஆக வேண்டும். முப்பாட்டன் காலத்திலிருந்து வருகிற கேலி முறை. ஞாய்கள் சோற்று மூட்டைகள், எங்கள் வீட்டு அடிமைகள் என்று நாங்கள் சொல்வோம். அதையே திருப்பி அவர்கள் எங்களைச் சொல்வார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முன்பின் தெரியாத ஞாய் ஒருவர் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் விடுவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் ரோஹேயைப் பற்றி நல்லதாக ஏதாவது தட்டுப்பட்டால் அதை அச்சுப்பிழையாகக் கொள்ளவும்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆள் உயரம், நடை அவசரம். உடுத்துவது எப்போதும் காப்பிப்பொடி நிறம். கண்காணிப்பாளர் எந்தக் கட்சியின் நிறத்தையும் அணியக் கூடாது என்று ஒரு விதி உண்டு. மற்றவர்கள் போகிற நாட்டுக்கு ஏற்றபடி உடுத்திக்கொள்வார்கள். நம் அம்மணி கண்டம் முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார். பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் போய்விட்டன. ஊதாவைக்கூட யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது இந்த ஒன்றுதான். போன வருடம் எங்கோ தெற்கே ஒரு புதுக் கட்சி காப்பிப்பொடி நிறக் கொடியோடு கிளம்பியது. அன்று முழுவதும் ரோஹே துணி அலமாரியைத் திறந்து திறந்து மூடினார். அந்தக் கட்சி எல்லா இடத்திலும் தோற்று மண்ணைக் கவ்வியபோது, நடுநிலையாளர் சந்தோஷப்படக் கூடாது என்பதால் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

குசலம் விசாரிக்காமல் ஒரு எண்ணைக் கூட வாங்க மாட்டார். வாக்கு எண்ணிக்கை மும்முரமாக நடக்கிற நேரத்தில் லுசாக்காவிலிருந்து ஒருவர் மூச்சிரைக்கக் கூப்பிடுவார். இவர் நிதானமாகக் கேட்பார்: “வீட்டுல எல்லாரும் சுகமா? பிள்ளைங்க சுகமா? மழை எப்படி? மாமியாருக்கு முழங்கால் எப்படி? சரி, சொல்லு. எத்தனை சதவீதம்?”

ஒரு நாட்டில் கண்காணிக்கப் போன இடத்தில் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் அவருக்கு ஆடு ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். விதிப்படி மறுத்துவிட்டார். பிரமுகர் ஆட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆடு இவருடைய வண்டிக்குப் பின்னாலேயே அடுத்த ஊர் வரை ஓடிவந்தது. அறிக்கையில் “பரிசு மறுக்கப்பட்டது, பரிசு ஒப்புக்கொள்ளவில்லை” என்று எழுதினார். அந்த அறிக்கையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்குச் சோதனை சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்தே வந்தது. எங்கள் பாராளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஆற்றின் வடகரையில் கெர் யாசின் என்று ஒரு சந்தை ஊர். அங்கே அலியூ ஞாய் என்பவரும் பாபுக்கர் ஜோப் என்பவரும் நேருக்கு நேர் நின்றார்கள். ஊரில் பாதி வீடு ஞாய், பாதி வீடு ஜோப். வெளியிலிருந்து வந்த ஒரு கணிப்பு நிறுவனம் அங்கே வீடு வீடாகக் கருத்துக் கேட்டு முடிவை வெளியிட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு நைரோபியிலிருந்து நஞ்சலா கூப்பிட்டாள். ‘நடுக்கோடு’ வரைபடத்தில் எந்த ஊருக்கு எந்த நிறம் என்பது அவள் பொறுப்பு. சிவப்பு என்றால் அங்கே கலவரம் வரலாம் என்று அர்த்தம்.

“ரோஹேக்கா, கெர் யாசின்ல நிலைமை சரியில்ல” என்றாள். “ஞாய் வீடுகள்ல ஒருத்தர் கூட ஜோபுக்குப் போட மாட்டேங்கறாங்க. ஜோப் வீடுகள்ல ஒருத்தர் கூட ஞாய்க்குப் போட மாட்டேங்கறாங்க. எதிராளி ஜெயிச்சா ஏத்துக்குவீங்களான்னு கேட்டதுக்கு என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? படிக்கிறேன், கேளுங்க. ‘ஞாய் ஜெயிச்சா அவனை மாமரத்துல கட்டிவைப்பேன்.’ ‘அந்த ஜோப் ஜெயிச்சா உரல்ல போட்டு இடிப்பேன்.’ ‘எங்க வீட்டு அடிமையெல்லாம் பாராளுமன்றம் போனா ஊரையே கொளுத்துவேன்.’ அக்கா, வெட்டிக்கப் போறாங்க. சிவப்புப் புள்ளி வச்சுட்டேன்.”

ரோஹே சிரித்த சிரிப்பில் கெண்டி அடுப்பிலிருந்து உருண்டது. எனக்குப் புரையேறிவிட்டது. நைரோபியில் ஒரு பெண் நிஜமாகவே கவலைப்பட்டுக்கொண்டிருக்க, இங்கே நாங்கள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

“நஞ்சலா கண்ணு, கேட்கப் போனது யாரு, பேரைப் பாரு.”

“உள்ளூர்ப் பொண்ணுங்கதான். ஞாய், ஞாய், ஜோப், ஞாய், ஜோப்... சொந்தக்காரங்க வீட்டுல கேட்கக் கூடாதுன்னு ஞாயை ஜோப் வீட்டுக்கும் ஜோபை ஞாய் வீட்டுக்கும் அனுப்பியிருக்காங்க.”

“ஆங். ஒரு ஞாய்ப் பொண்ணு ஜோப் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, ஞாய்க்கு ஓட்டுப் போடுவீங்களான்னு கேட்டா வேற என்னடி பதில் வரும்? மரியாதையா ஆமான்னு சொன்னா அந்தப் பொண்ணுக்குத்தான் சந்தேகம் வரும், இந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையோன்னு. இது சண்டை இல்ல, விளையாட்டு. அந்தப் பொண்ணுங்களும் சிரிச்சுக்கிட்டேதான் எழுதியிருக்கும்.”

“அப்புறம் ஏன் அப்படியே எழுதணும்?”

“ஒரு வார்த்தை மாத்தக் கூடாது, சொன்னதை அப்படியே எழுதுங்கன்னு சொல்லித்தானே அனுப்பறாங்க. எழுதிட்டாங்க.”

நஞ்சலா மெதுவாகச் சொன்னாள். “நான் நம்பறேன் அக்கா. ஆனா நீங்க யாரு? ஞாய். இது எங்க ஊரு விளையாட்டுன்னு நீங்க சொன்னதை மட்டும் வச்சு நான் புள்ளியை எடுத்தா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஊருக்கு இதையே சொல்லிக்கிட்டு வருவாங்க. இதை எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்.”

ரோஹேயின் சிரிப்பு நின்றது. “சரிதான்” என்றார்.

அன்று மாலைக்குள் விஷயம் வேறு மாதிரி திரும்பியது. சிவப்புப் புள்ளியைப் பார்த்த மாவட்டத்துப் பெரியவர்கள், சந்தைக்குள் இருக்கும் வாக்குச்சாவடியை ஓடைக்கு அந்தக் கரையில் காவல் முகாமுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் செய்தி வந்தது. தேர்தல் நாள் சனிக்கிழமை. கெர் யாசினில் சனிக்கிழமைதான் சந்தை. கடையை விட்டுவிட்டு, படகுக்குக் காத்திருந்து, அந்தக் கரை போய் வாக்களித்துவிட்டு வர எந்த வியாபாரிப் பெண்ணாலும் முடியாது. சந்தையில் உட்காருகிற அத்தனை பெண்களின் வாக்கும் ஒரு புள்ளியால் போய்விடும்.

“உன் கையிலயும் வரைபடத்தோட சாவி இருக்குல்ல?” என்றேன். “நீயே புள்ளியை எடுத்துட்டுப் போயேன். ஒரு அழுத்து அழுத்தினா முடிஞ்சுது.”

“ஜோப்பு, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா நீ ஞாயாப் பொறந்திருப்பே” என்றார். ஆனால் குரலில் கேலி இல்லை. “ஒரு நாட்டு அமைச்சர் எனக்குப் போன் பண்ணாரு. எங்க ஜனங்க அப்படித்தாம்மா வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க, அதைப் போய்ச் சிவப்புன்னு போடலாமான்னு கேட்டாரு. எடுக்க மாட்டேன்னுட்டேன். அவரும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஒரு எண்ணை இன்னொரு எண்தான் அழிக்கணும். என் சிரிப்பு அழிக்கக் கூடாது.”

“ஆனா இது விளையாட்டுன்னு உனக்கே தெரியுமே.”

“எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை இந்தத் தடவை நிஜமாவே ஒருத்தருக்கொருத்தர் ஆகாம இருக்காங்களோ என்னவோ. நான் எத்தனை பேரைக் கேட்டேன்?”

தினமும் ரொட்டிக்காரரைப் பார்த்துச் சிரித்த எனக்கு வெட்கமாக இருந்தது; நானும் யாரையும் கேட்காமல்தான் பேசியிருந்தேன்.

மறுபடியும் கேட்பது என்று முடிவாயிற்று. ஆனால் யாரை அனுப்புவது? எங்கள் நாட்டில் கேலி முறை ஞாய்க்கும் ஜோபுக்கும் மட்டும் உரியதல்ல. ஜாலோ என்ற பெயர்க்காரரைக் கண்டால் பா என்ற பெயர்க்காரருக்கு வாய் சும்மா இருக்காது. செரேர் இனத்தாரும் ஜோலா இனத்தாரும் பார்த்த மாத்திரத்தில் தொடங்கிவிடுவார்கள். யாருக்கும் கேலி முறையில்லாத ஒரு மனிதரைத் தேடினால் கடைசியில் விமானத்தில்தான் வரவழைக்க வேண்டும். ரோஹே கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறவரைப் போல உட்கார்ந்து வீட்டையும் ஆளையும் பொருத்திப் பார்த்தார். ஜோலாக் குடும்பத்துப் பெண்கள் நான்கு பேர், கொலி என்ற பெயர்க்காரர்கள், தேறினார்கள். “இவளுங்களைப் பார்த்து அந்த ஊர்ல யாருக்கும் சிரிப்பு வராது” என்றார் திருப்தியாக. அந்தப் பெண்களுக்கு அது பாராட்டா என்று தெரியவில்லை.

வடகரையில் உள்ள பாராவுக்குப் படகில் போய், அங்கிருந்து வேனில் இடிபட்டுக் கெர் யாசின் சேர்ந்தோம். என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்றால், ஞாய் ஒருத்தி தனியாகப் போய் ஏதோ செய்துவிட்டாள் என்று பேச்சு வரக் கூடாது. ஒரு ஜோப் சாட்சி வேண்டும். சந்தை வாசலிலேயே புகைமீன் கடை. கடைக்காரி யா பின்டா ஜோப், என் பெயர்க்காரி, மலை போன்ற உடம்பு. ரோஹேயைப் பார்த்ததும் விசிறியைக் கீழே வைத்தார்.

“யாரு அது, ஞாயா? நடையைப் பார்த்தாலே தெரியுதே! சோத்து வாசனை புடிச்சு வந்துட்டியா? நான் இன்னும் அடுப்பே பத்தவைக்கலையே!”

“உங்க சோத்தை யாரு தின்னறது? ஜோபுங்க அரிசியைக் களையாம உலையில போடுவாங்கன்னு ஊருக்கே தெரியும்.”

‘ஊருக்கே’ என்ற சொல்லை ரோஹே எண்ணிக்கை சொல்லாமல் பயன்படுத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

யா பின்டாவுக்கு ஏக சந்தோஷம். இரண்டு கவிழ்த்த கூடைகளைத் தட்டி எங்களை உட்காரவைத்தார். “போன வாரம் ஒரு ஞாய்ப் பொண்ணு வந்துச்சு. கையில பலகை மாதிரி என்னமோ. ஞாய் ஜெயிச்சா ஒத்துக்குவீங்களான்னு கேட்டுது. மாமரத்துல கட்டிவைப்பேன்னேன். அதுவும் சிரிச்சுக்கிட்டே எழுதிட்டுப் போச்சு. எனக்கு வயிறே வலிச்சுடுச்சு போ!”

மாமரம்! நைரோபி வரைக்கும் போய்ப் புள்ளியாக நின்ற மாமரம் இதோ என் எதிரே மீனைப் புரட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். ரோஹேயின் குதிகால் என் கட்டைவிரல் மீது இறங்கியது. அந்த விரல் வெகுநாள் கறுத்திருந்தது.

“சனிக்கிழமை இங்கேயே ஓட்டு டிரம்மைக் கொண்டாந்து வச்சுடுவாங்க” என்று தொடர்ந்தார் யா பின்டா. “மீனை ஒரு சாக்குப் போட்டு மூடிட்டுப் போய் ஓட்டுக்குக் குடுக்கற கோலியை அதுல போட்டுட்டு வந்துடுவேன். அந்த மணி டிங்குன்னு கேட்கும் பாரு, அதைக் கேட்டுட்டு வந்தா அன்னைக்குப் பூரா நான் யாரோடயும் பேரம் பேச மாட்டேன். சொன்ன விலைதான். அன்னைக்கு நானும் ஒரு ஆளு.”

ரோஹே எழுந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘அம்மா, அடுத்து வருகிறவளிடம் விளையாடாமல் சொல்லு, உன் வாக்கு அதில்தான் இருக்கிறது’ என்று. அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வருகிற பதில் யா பின்டாவுடையது அல்ல, ரோஹேயுடையது.

கொலிப் பெண்களில் ஒருத்தி மீன் கடையை நோக்கி வருவது தெரிந்தது. ரோஹே என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் நிறுத்தினார். பதில் காதில் விழக் கூடாதாம். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். கையிலிருந்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே இருந்தார், ஒன்றையும் வாயில் போடவில்லை. எத்தனையோ நாட்டுத் துப்பாக்கிக்காரர்களைப் பார்த்தவர், அந்த மீன் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது பயந்துபோயிருந்தார். பின்னாலிருந்து யா பின்டாவின் சிரிப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டது. ரோஹே கண்ணை மூடிக்கொண்டார்.

“போச்சு” என்றேன்.

“வாயை மூடு. மீனைப் பார்த்துக் கூடச் சிரிக்கலாம்.”

தாள்களை ரோஹே தொடவே இல்லை. கொலிப் பெண்கள் அவற்றைப் படம் எடுத்து அனுப்ப, தலைநகரில் இருந்த தார்போ என்கிற கணக்கு வாத்தியார்தான் கூட்டிப்பார்த்து நேராக நஞ்சலாவுக்கு அனுப்பினார். மதியம் நாங்கள் வேன் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் கூப்பிட்டாள். ரோஹே குசலம் விசாரிக்க மறந்துபோனார்.

“அக்கா, ஜோப் வீடுகள்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா ஞாய்க்குப் போடறாங்க. ஞாய் வீடுகள்ல மூணுல ஒரு பங்கு ஜோபுக்குப் போடறாங்க. ஏத்துக்குவீங்களான்னு கேட்டதுக்கு அனேகமா எல்லாருமே, பக்கத்து வீட்டுக்காரன்தானே, போய்க் கை குடுப்போம்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தர் மட்டும் மாட்டேன்னாராம்.”

“ஏன்?”

“விருந்து வச்சாத்தான் ஏத்துக்குவாராம். அக்கா, நான் புள்ளியை எடுத்துட்டேன்.”

ரோஹே நடுத்தெருவில் நின்று இரண்டு கைகளையும் தூக்கி ஒரு ஆட்டம் போட்டார். காப்பிப்பொடி நிற உடையில் ஒரு பெரிய மனுஷி அப்படி ஆடுவதை வேன்காரர் ஹாரன் அடித்து ரசித்தார். வாக்குச்சாவடி சந்தையிலேயே இருக்கும் என்ற செய்தி நாங்கள் வேன் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டது. அதைச் சொல்ல மறுபடியும் மீன் கடைக்கு ஓடினோம். நடந்ததை முழுக்கக் கேட்ட யா பின்டா விசிறியைப் போட்டுவிட்டுக் கூடை மேல் உட்கார்ந்தார்.

“எங்க சிரிப்பையா எழுதி அத்தனை தூரம் அனுப்பினாங்க?”

“ஆமா.”

“அப்பவே என்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீ எனக்காகப் பதில் சொல்லியிருப்பே.”

“உனக்காகவா?” யா பின்டாவுக்கு உயிர் திரும்பிவிட்டது. “ஒரு ஞாய்க்காகவா? நானா? போடி சோத்து மூட்டை!” என்று சொல்லிக்கொண்டே பெரிய மீனாக எடுத்துத் தாளில் சுற்றினார். தேர்தல் முடியும் வரை வாங்க முடியாது என்று ரோஹே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு அப்படி விதி எதுவும் இல்லாததால் நான் வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கதை ‘நடுக்கோடு’ ஆட்களுக்குள் பரவியதும் பல நாடுகளிலிருந்து குரல்கள் வரத் தொடங்கின. பமாக்கோவிலிருந்து ஸூமைலா கூலிபாலி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். “எங்க கணக்குல மூணு வருஷமா ஒரு ஊர்ல ஒரு கட்சிக்கு ஓட்டே விழாது, ஆனா ஜெயிச்சுக்கிட்டே இருக்கும். காரணம் புரியாம மண்டையை உடைச்சுக்கிட்டோம். அங்க கேட்கப் போறவன் என் தம்பி. கூலிபாலின்னு பேரைச் சொன்னதும் அவரைக்காய் தின்னி வந்துட்டான்னுதான் பேச்சையே ஆரம்பிக்கிறாங்க!” ஜாம்பியாவிலும் தான்சானியாவிலும் இதே கதை. அதன் பிறகு நஞ்சலா ஒரு புது விதி போட்டாள். கேட்கிறவர் தாளின் மேலே ஒரு கட்டத்துக்குள் தன் குடும்பப் பெயரை முதலில் எழுத வேண்டும். கேலி முறைக்காரர் கேட்டு வாங்கிய பதில் என்றால் அந்தத் தாள் தனியே போய்விடும், சராசரியில் சேராது. இந்த விளையாட்டு இல்லாத நாடுகளில் இந்தக் கட்டம் எதற்கென்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தேர்தல் நாளன்று ரோஹே கெர் யாசின் சந்தையில் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு வாக்குச்சீட்டு கிடையாது, கோலிக்குண்டுதான். மறைவுக்குப் பின்னால் வேட்பாளர்களின் நிறம் பூசிய டிரம்கள் நிற்கும். விருப்பமான டிரம்மின் குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே ஒரு மணியில் பட்டு விழும். ஒரு ஆளுக்கு ஒரு மணிதான் கேட்க வேண்டும். சைக்கிள் மணி அந்தச் சத்தத்தோடு குழம்பிவிடும் என்பதால் அன்று அந்தப் பக்கம் சைக்கிளே வரக் கூடாது. ரோஹே கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டு காலை முழுவதும் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தார். யா பின்டா கையில் மீன் செதிளோடு உள்ளே போனார். டிங் என்று கேட்டது. வெளியே வந்தவர் இடுப்பில் கைவைத்துச் சந்தையையே ஒரு சுற்றுப் பார்த்தார்.

குழிப் பலகையில் கோலிகளை அடுக்கி எண்ணியபோது அலியூ ஞாய் கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். தோற்ற பாபுக்கர் ஜோப்தான் முதல் ஆளாக அவர் வீட்டுக்குப் போனார். “பாராளுமன்றத்துல இனி யாருக்கும் சோறு மிஞ்சாது” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, அவர் கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

அடுத்த வாரம் ஒரு காலை. மாமரத்தடியில் இரண்டாம் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. ரோஹேயின் கைபேசி ஒலித்தது. ஒரு இளைஞனின் குரல். தேர்தல் ஒழுங்காக நடந்ததா என்று ‘நடுக்கோடு’ சார்பில் பொதுமக்களிடம் கேட்கிறார்களாம். கணினி குருட்டாம்போக்கில் பொறுக்கிய எண்களில் இவருடையதும் ஒன்று. பெயர் சொல்ல முடியுமா என்றான். சொன்னார்.

“அம்மா, நீங்க ஞாயா? என் பேரு லாமின் ஜோப்.” அவன் குரலிலேயே சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

ரோஹே என்னைப் பார்த்தார். நான் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தேன்.

“தம்பி, மேல கட்டத்துக்குள்ள உன் குடும்பப் பேரை எழுதிட்டியா?”

“எழுதிட்டேம்மா.”

“தெளிவா? ஜோப்புன்னு படிக்கிற மாதிரி?”

“தெளிவாத்தாம்மா இருக்கு.”

ரோஹே மடியிலிருந்த கணினியை மூடி என் கையில் கொடுத்தார். இரண்டு கால்களையும் தூக்கி எதிர் நாற்காலியில் வசதியாகப் போட்டுக்கொண்டார். கைபேசியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“அப்போ சரி. முதல் கேள்வியைக் கேளுடா, எங்க வீட்டு அடிமை.”